பதினேழு தட்டு

ஒரு வெள்ளைக்கல் உடையப் பதினேழு தட்டு.
அந்தப் பதினேழை வைத்தது நான்தான்.

முதலில் ஐந்து வைத்திருந்தேன்.
அஞ்சு ரோடு ஆபீஸ், மூன்றாம் மாடி,
லிஃப்ட் ஓடாத ஒரு செவ்வாய்க்கிழமை.
ஏறி வந்த மூச்சிரைப்போடு பத்ரிநாத் சொன்னார்:
ஐந்தில் உடைஞ்சா எவன் காசு கொடுப்பான்?
சலிக்கணும் தம்பி.
ஆனா மூடி வச்சிட்டுப் போற அளவுக்குச் சலிக்கக் கூடாது.
நடுவுல ஒரு நம்பர் இருக்கும், தேடு.

பதினொன்று வைத்தேன். பதிமூன்று.
இருபத்திரண்டில் ஆட்கள் ஓடிப்போனார்கள்.
பதினேழில் பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லின் நிறம் மாமாங்கத்துச் சுரங்கத்தில் எடுத்தது,
வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் அந்தச் செத்த வெள்ளை.
டங் என்ற ஓசை எங்கள் வீட்டு இட்லிக் குண்டானுடையது.
நள்ளிரவில் கரண்டியால் நானே தட்டியது,
பக்கத்து வீட்டு நாய் குரைத்ததை மட்டும் வெட்டிவிட்டு.

நாற்பது கல் சேர்ந்தால் ஒரு கோடாலி.
கோடாலி இருந்தால் பதினேழு ஒன்பதாகும்.
இருபத்தொன்பது ரூபாய் இருந்தால்
கல்லும் வேண்டாம் கோடாலியும் வேண்டாம்.

சனிக்கிழமை கம்பெனி வேன் என்னை விட்டுவிட்டுப் போனது.
கோரிமேட்டில் ஏற்காடு பஸ் ஏறினேன்.
ஜன்னல் சீட்டில் ஒரு பெண், மடியில் டிபன் பை,
நீலச் சட்டையில் பெயர் வில்லை:
சகாயராணி, ஹவுஸ்கீப்பிங்.
அடிவாரச் சோதனைச் சாவடி தாண்டியதும்
என் வீட்டுக் குண்டான் ஒலித்தது.

டங்.

கண் வெளியே குரங்குகள் மேல்.
விரல் தன்பாட்டுக்குத் தட்டுகிறது,
பத்து, பதினொன்று,
மூன்றாம் வளைவு, பஸ் சாய்கிறது, அவள் சாய்கிறாள்,
கட்டைவிரல் மட்டும் சாயவில்லை,
பதினாறு, பதினேழு.
உடைந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. அடுத்த கல்.

கிடங்கில் நாற்பத்தோராயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
சோதனை ஓட்டத்தில் நாங்களே மூவாயிரம் தாண்டியதில்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை.
கோடாலி செய்யலையாங்க? ஆயிரம் கோடாலிக்குக் கல் இருக்கே.
மேலும் கீழும் பார்த்தாள்.
கோடாலி செஞ்சா சீக்கிரம் உடைஞ்சிடுமே.
உடையட்டுமே?
அப்புறம் இருபதாவது வளைவு வரைக்கும் என்ன பண்றது?

பிறகு அவளாகவே, எட்டாம் வளைவில்:
மேல போனா எழுபத்திரண்டு பெட்ஷீட்.
மூலைக்கு மூலை பிடிச்சு மடிக்கணும்.
அதை எண்ண சூப்பர்வைசர் இருக்கார்.
இதை யாரும் எண்றதில்ல.

எண்ணுகிறோம் சகாயராணி.
அஞ்சு ரோட்டில் ஒரு திரையில் ஒவ்வொரு தட்டும் வந்து விழுகிறது,
நேரத்தோடு, போன் மாடலோடு.
காசே கொடுக்காமல் நாற்பதாயிரம் தாண்டியவர்களுக்குத்
தனிப் பட்டியலே உண்டு.
பத்ரிநாத் அதற்கு வைத்த பெயர் கல்நெஞ்சர்கள்.
இதில் ஒன்றும் நான் சொல்லவில்லை.
டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பதினான்காம் வளைவில் சிக்னல் போனது.
திரை உறைந்து, திரும்பி வந்தபோது
அதே நாற்பத்தோராயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
அடிவாரத்திலிருந்து தட்டியதெல்லாம் காணோம்.
இந்தப் பிழையும் என்னுடையது.
ஜனவரியிலேயே பட்டியலில் ஏறியது,
மலை ஏறும்போது எவன் விளையாடப் போகிறான் என்று
தள்ளி வைத்தேன்.

தினமும் இங்கதான் போகும், என்றாள்,
பால் பொங்கி வழிந்ததைச் சொல்வதுபோல.
மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.

ஒண்டிக்கடையில் இறங்கி
ஒரே விடுதியின் கேட்டுக்கு நடந்தோம்.
அவள் பின்வாசல், நான் முன்வாசல்.
நன்னாரி சர்பத் கொடுத்தார்கள்.
பத்ரிநாத் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார்,
அடுத்த வெர்ஷன்ல பத்தொன்பது வச்சுப் பாக்கலாமா?

அறையில் விரிப்பின் நாலு மூலையும் நேராக இருந்தன.
உட்கார மனமில்லாமல் நின்றபடியே லேப்டாப் திறந்து
ஜனவரி மாத வரியைத் தேடி
அவசரம் என்று மாற்றினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
வளைவு பதினான்கு என்று மட்டும் எழுதினேன்.
பதினேழைத் தொடவில்லை.